கொள்ளைநோயும் சொல்லாட்சியும்

ஒரு சமுதாயம் தன் துன்பங்களுக்கு இடும் பெயர்கள், அத்துன்பங்களை அது எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைக் காட்டுவன. பஞ்சத்தைத் தெய்வ குற்றத்தின் பயன் என அழைத்த காலம் உண்டு. பதுக்கலின் விளைவு என அழைத்த காலமும் உண்டு. பெயர் மாறியபோது பரிகாரமும் மாறிற்று. முன்னதற்குப் பொங்கலும் மடையும் பரிகாரமாயின. பின்னதற்குக் கிளர்ச்சியும் சட்டமும் பரிகாரமாயின. நோய்களின் வரலாற்றிலும் இதனையே காண்கிறோம். தனி மனிதனைப் பிடிக்கும் நோயைப் பற்றி வைத்தியனும் நோயாளியும் பேசினாற் போதும். ஊரையும் நாட்டையும் பிடிக்கும் நோயைப் பற்றிப் பேச வேறொரு சொற்கோவை வேண்டியிருந்தது. அச்சொற்கோவை உருவான வரலாற்றில் மருத்துவ அறிவின் வளர்ச்சியோடு, பழியை யார் தலையிற் சுமத்துவது, உதவியை யாருக்கு அளிப்பது என்னும் அரசியல் வினாக்களும் பின்னிக் கிடக்கின்றன. அதன் சில கட்டங்களை, சிறப்பாக 1934–35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாவை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். ‘கொள்ளைநோய்’ என்னும் சொல் நமக்குப் பழக்கமானது. கொள்ளைக்காரன் வீடு புகுந்து அள்ளிச் செல்வதுபோல நோய் உயிர்களை அள்ளிச் செல்கிறது என்பது அதன் பொருள். ‘பெருவாரி நோய்’ என்பதும் வாரிக்கொண்டு போவதையே சுட்டுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வாந்திபேதிக்குக் ‘கோதாரி’ என்று பெயர். வாந்திபேதி நம் ஊர்களை விட்டுப் போன பின்னரும் ‘கோதாரியிலே போவான்’, ‘கொள்ளையிலே போவான்’ என்னும் வசவுகள் நம் பாட்டிமார் நாவில் நின்று நிலைத்தன. ஒரு காலத்தின் பேரச்சம் பிற்காலத்தில் வெறும் வசவாகச் சுருங்கியதை இவற்றிற் காணலாம். வைசூரியை ‘அம்மாள் வருத்தம்’ என்றது வேறொரு மனநிலை. நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கண்ட அம்மனநிலை, வேப்பிலை கட்டி வீட்டை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தையும் கூடவே வளர்த்தது. ‘ஒட்டுவாரொட்டி’ என்னும் பழஞ்சொல்லோ நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிச் செல்லும் என்ற கூர்ந்த அவதானிப்பைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஆகவே, மேனாட்டார் வந்துதான் தொற்று என்ற எண்ணத்தை நமக்குக் கற்பித்தனர் எனக் கருதுவது தவறாகும். எனினும் இச்சொற்கள் ஒன்றைச் சொல்லாது விடுகின்றன. கொள்ளையடிப்பவன் எங்கிருந்தோ வருகிறான். கொள்ளை போகும் வீடு எத்தகையது, அதன் கதவு ஏன் திறந்து கிடந்தது என்ற கேள்வி அவற்றில் இல்லை.

கிரேக்கர் வழங்கிய சொல் இவ்வகையில் வேறுபட்டது. இன்று உலகெங்கும் கொள்ளைநோயைக் குறிக்க வழங்கும் ‘எப்பிடெமிக்’ என்பதன் வேர் ‘டெமோஸ்’, அதாவது மக்கள். மக்களிடையே உறைவது ‘எண்டெமிக்’. மக்கள்மீது வந்திறங்குவது ‘எப்பிடெமிக்’. மக்கள் யாவரையும் பற்றுவது ‘பண்டெமிக்’. மக்களாட்சியைக் குறிக்கும் ‘டெமோக்கிரசி’ என்ற சொல்லும் அதே வேரிற் பிறந்ததே. கிறித்துவுக்கு முற்பட்ட ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் இப்போக்கிறத்தீசின் பெயரால் தொகுக்கப்பட்ட நூல்கள், ஓர் ஊருக்குச் செல்லும் வைத்தியன் அவ்வூரின் காற்றையும் நீரையும் நிலத்தையும் மக்களின் வாழ்க்கை முறையையும் முதலில் அறிய வேண்டும் என வற்புறுத்தின. ஆனால் அக்கால அறிவின் எல்லை காரணமாக, ஊர் முழுதும் நோயுறுவதற்குக் காரணம் ஊர் முழுதும் சுவாசிக்கும் காற்றே என்ற முடிவு வேரூன்றிற்று. கெட்ட காற்றுக் கொள்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. மலேரியா என்னும் பெயரே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும். 1546இல் பிறக்கஸ்ரோறோ என்னும் இத்தாலிய மருத்துவர், நோயின் வித்துக்கள் தொடுகையாலும் பொருள்களாலும் தொலைவிலிருந்தும் பரவக்கூடும் என எழுதியபோது மாற்றுக் கொள்கையொன்று தெளிவான வடிவம் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு கொள்கைகளும் நேருக்கு நேர் மோதின. அம்மோதல் நிகழ்ந்த களம் கைத்தொழிற் புரட்சி உருவாக்கிய நகரங்கள். 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர், புறோட் வீதியின் குழாய்க் கிணற்றைச் சூழ்ந்து மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டினார். அதனினும் வன்மையான சான்று தென் இலண்டனில் அவருக்குக் கிடைத்தது. அங்கு இரு தனியார் கம்பனிகள் ஒரே தெருக்களில் வீடுகளுக்கு நீர் விற்றன. ஒன்று தேம்ஸ் நதியின் கழிவு கலந்த பகுதியிலிருந்து நீரெடுத்தது. மற்றையது 1852இல் தன் நீர்வாயிலை நதியின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் முன்னையதன் நீரைப் பருகிய பத்தாயிரம் வீடுகளுக்கு 315 பேர் இறந்தனர்; பின்னையதன் நீரைப் பருகிய பத்தாயிரம் வீடுகளுக்கு 37 பேரே இறந்தனர். காற்று இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது, வேறுபட்டது நீரே. அந்நீரைத் தீர்மானித்தது கம்பனியின் கணக்கேடு என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1848இல், மேல் சைலீசியாவில் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராய இளம் மருத்துவரான றுடொல்ப் வேர்க்கோவைப் பிரஷ்ய அரசாங்கம் அனுப்பியது. அவர் கண்டது பட்டினியும் இருளடைந்த குடிசைகளும் தம் தாய்மொழியிற் கல்வி மறுக்கப்பட்ட போலிஷ் மொழி பேசும் ஏழைகளுமே. அவர் எழுதிய மருந்துச் சீட்டில் கல்வி, சுயாட்சி, வரிச் சீர்திருத்தம், சனநாயகம் என்பன இடம்பெற்றன. வேர்க்கோ கிருமிக் கொள்கையை முழுமையாக ஏற்றவரல்லர். ஸ்னோ சமுதாய மாற்றத்தைப் பேசியவரல்லர். நோய் எவ்வழியாற் செல்கிறது என்பதை ஒருவர் காட்டினார். அது செல்லும் வழியை யார் அமைத்தனர் என்பதை மற்றவர் காட்டினார். இவ்விரண்டும் இணையாத இடத்தில் தொற்று என்னும் சொல் ஏழையின் முதுகில் விழும் சாட்டையாகிவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டு நம் வரலாற்றிலேயே உண்டு. நோயுள்ள துறைமுகங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் விலக்கி வைக்கும் வழக்கத்தை 1377இல் அத்திரியாதிக் கரையிலுள்ள றகூசா நகரம் சட்டமாக்கியது. பின்னர் அது நாற்பது நாளாக நீண்டு, நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே ‘குவாரண்டைன்’ என வழங்கலாயிற்று. வணிகக் கப்பல்களுக்காக எழுந்த அச்சொல் தோட்டத் தொழிலாளரின் வாழ்வில் வேறு உருவெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுப் பாதையில் நடந்தனர். உணவும் நல்ல நீரும் தங்குமிடமும் இன்றி அவர்கள் வழியிலேயே வாந்திபேதிக்கு இரையாயினர். ஆட்சியாளரின் ஏடுகளிலோ அவர்கள் வாந்திபேதியைக் ‘கொண்டுவருபவர்’களாகவே இடம்பெற்றனர். கூலியை மலிவாகப் பெற்ற தோட்டத்துரை அவ்வேடுகளில் நோய் பரப்பியவராகக் குறிக்கப்படவில்லை. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற் சேவையும் திறக்கப்பட்ட பின்னர் மண்டபம் முகாம் அவர்களின் நுழைவாயிலாயிற்று. அங்கே நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அவர்கள் கப்பலேறினர். மலையகத்து முதியோரின் நினைவில் ‘மண்டபம் காம்ப்’ என்னும் பெயர் நெடுங்காலம் வாழ்ந்தது. நோயைத் தடுப்பது நியாயமானதே. எனினும் முகாமில் உடல் சோதிக்கப்பட்ட அளவிற்கு, தோட்டத்து லயத்தின் நீரும் மலசலகூடமும் சோதிக்கப்பட்டனவா என்ற கேள்வியை அச்சொல் எழுப்பவில்லை.

இனி 1934–35க்கு வருவோம். மலேரியா இலங்கைக்குப் புதிதன்று. முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என நம்மவர் அதனை அறிந்திருந்தனர். அனுராதபுரம், வன்னி முதலான வரண்ட பிரதேசங்களில் அது ஆண்டுதோறும் வந்து போவதாயிருந்தது. பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியோர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டு, ஒரு பகுதியில் மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை மருத்துவர் மதிப்பிட்டனர். அங்கு அது ‘எண்டெமிக்’, அதாவது அவ்விடத்திற்குரிய நிலைநோய். தென்மேற்கின் ஈரப் பிரதேசத்தில் ஆண்டு முழுதும் ஆறுகள் நிறைந்து ஓடியமையால் நோய்க்காவியான நுளம்பின் முட்டைகளும் குடம்பிகளும் அடித்துச் செல்லப்பட்டன. அங்குள்ள மக்கள் மலேரியாவைப் பெரிதும் அறியாதிருந்தனர். அதனாலேயே அவர்களின் உடலில் அதற்கெதிரான நிர்ப்பீடனமும் இல்லை.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் படுக்கைகள் மணற்றிட்டுகளாகவும் தெளிந்த நீர்க்குட்டைகளாகவும் மாறின. வெயில் படும் அத்தகைய குட்டைகளே அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு உகந்த தொட்டில்கள். ஒக்டோபர் முதல் காய்ச்சல் காட்டுத்தீயாயிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிய தாக்குதலுக்குள்ளாயின. 1935 ஏப்பிரல் வரையிலான ஏழு மாதங்களில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் நோயுற்றனர் எனவும், 80,000 பேர் வரை மாண்டனர் எனவும் மதிப்பிடப்படுகிறது. அக்கால இலங்கையின் சனத்தொகை ஏறக்குறைய 55 இலட்சமே. நான்கு பேரில் ஒருவருக்கு மேல் படுக்கையில் விழுந்த நாட்டில், வயல் உழவும் பிணம் சுமக்கவும் ஆளில்லாத கிராமங்கள் இருந்தமை வியப்பன்று.

ஆற்று மணலும் நுளம்பும் காரணத்தின் ஒரு பாதியே. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இறப்பர், தெங்கு விலைகளை வீழ்த்தியிருந்தது. சிறு தோட்டக்காரரும் கூலியாளரும் வருமானமிழந்திருந்தனர். வரட்சி நெல்லையும் அழித்தது. காய்ச்சல் வந்தபோது அது கண்டது பட்டினியால் மெலிந்த உடல்களை. இதனை ஊர் ஊராகச் சென்று கண்டவர்கள் சூரியமல் இயக்கத்தினர். ஏகாதிபத்திய யுத்தத்தின் நினைவுச் சின்னமான பொப்பி மலருக்கு எதிராகப் பூவரசம்பூவை விற்ற இளைஞர் இயக்கம் அது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கொயினாவுடன் உணவையும் கொண்டு சென்றனர். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மகாத்தயா’ என்றே அழைத்தனர். மருந்து மட்டும் போதாது, வயிற்றுக்கும் ஏதாவது வேண்டும் என்ற இவ்வெளிய உண்மை, நிவாரணப் பணியை அரசியற் கல்வியாக்கிற்று. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதும், அடுத்த ஆண்டிலேயே அதன் வேட்பாளர் இருவர் அரசாங்க சபைக்குத் தெரிவானதும் இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளத் தக்கன.

இங்கு சொல்லாட்சியைப் பற்றிய முக்கியமான கேள்வியொன்று எழுகிறது. ஈரப் பிரதேசத்தில் நிகழ்ந்தது ‘கொள்ளைநோய்’ எனப் பெயர் பெற்றது, விசாரணைகள் நடந்தன, அறிக்கைகள் வெளியாயின. வரண்ட பிரதேசத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்த மரணங்களோ ‘அவ்விடத்துக்குரிய நோய்’ என்ற தலைப்பின்கீழ் அமைதியாக அடங்கின. கொள்ளைநோய் ஆண்டில் வரண்ட பிரதேசத்தவர் ஒப்பீட்டளவிற் குறைவாகவே மாண்டனர் என்பது உண்மை. ஆனால் அந்த நிர்ப்பீடனத்திற்கு அவர்கள் கொடுத்த விலை யாது? குழந்தைப் பருவத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சலுற்று, அதிலே தப்பிப் பிழைத்தவர்களே அந்நிர்ப்பீடனத்தைப் பெற்றனர். தப்பாத குழந்தைகள் கணக்கிலே மட்டும் இருந்தனர். எதிர்பார்த்த அளவிற்கு மிஞ்சிய நோயைக் கொள்ளைநோய் என்பது இன்றைய வரைவிலக்கணம். எந்த அளவை ‘எதிர்பார்ப்பது’ என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஏழைக் குடியானவனின் பிள்ளை சாவதை எதிர்பார்க்கப் பழகிவிட்ட அரசு, அச்சாவைக் கொள்ளைநோய் என அழைக்காது. நிலைநோய் என்ற அறிவியற் சொல், அறிவியலின் குற்றமின்றியே, அலட்சியத்திற்கு ஒரு போர்வையாகக்கூடும்.

இதே காலப்பகுதியில் நோய்ப் பரவலைக் கணிதத்தால் விளக்கும் சொற்களும் பிறந்தன. அவற்றுக்கும் இந்திய உபகண்டத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1897 ஓகஸ்டில் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட றொனால்ட் றொஸ், பின்னாளில் கணிதத்திற்குத் திரும்பினார். நுளம்புகள் அனைத்தையும் அழித்தாலன்றி மலேரியா நீங்காது என்றோரை அவர் மறுத்தார். நுளம்பின் தொகை ஒரு குறித்த எல்லைக்குக் கீழ் சென்றால் நோய் தானாகவே தேய்ந்துவிடும் என்பதை அவர் சமன்பாடுகளாற் காட்டினார். இந்திய மருத்துவ சேவையிலிருந்த மக்கென்றிக், கேர்மக் என்பாருடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்தைப் பொதுமைப்படுத்தியது. அவர்கள் தம் சமன்பாட்டுக்கு ஒப்பிட்டுக் காட்டியது 1905–06இல் பம்பாயில் பிளேக்கினால் மாண்டோரின் வாராந்தக் கணக்கையே. நோய் ஓய்வதற்கு எல்லோரும் நோயுற வேண்டியதில்லை; நோயுறத்தக்கோரின் அடர்த்தி ஓர் எல்லைக்குக் கீழ் வந்தாற் போதும் என்பது அவர்களின் முடிவு.

அக்கணக்கை எளிமையாகச் சொல்லலாம். நிர்ப்பீடனமற்ற மக்களிடையே ஒரு நோயாளி சராசரியாக நால்வருக்கு நோயைக் கொடுப்பார் எனக் கொள்வோம். அந்நால்வரில் மூவர் நிர்ப்பீடனம் பெற்றவராயின், ஒருவர் ஒருவருக்கே கொடுக்க இயலும். அதற்கும் மேலே ஒருவருக்கேனும் தடுப்பு ஏறினால் நோய் படிப்படியாக அணைந்துவிடும். இந்த ‘நால்வர்’ என்ற எண்ணே இன்று அடிப்படைப் பெருக்க எண் எனப்படுவது. அது கிருமிக்கு மட்டும் உரிய இயல்பு எனக் கருதுதல் பிழை. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர், நோயுற்றவர் ஒருநாட் கூலியை இழக்காமல் வீட்டிலிருக்க இயலுமா என்பனவும் அவ்வெண்ணுக்குள் அடங்கியுள்ளன. லயத்து அறைக்கும் மாளிகைக்கும் அவ்வெண் ஒன்றாயிராது. தடுப்பேறியோரின் தொகை தடுப்பேறாதோரையும் காப்பதை ஆங்கிலத்தில் ‘மந்தை’யின் நிர்ப்பீடனம் என்றனர். அது கால்நடை வைத்தியரிடமிருந்து வந்த சொல். நாம் அதனைச் சமூக நிர்ப்பீடனம் என வழங்குவதே பொருத்தம். தன் பிள்ளைக்குத் தடுப்பூசி இடுவிக்கும் தாய், அயல் வீட்டில் ஊசி ஏற்க முடியாத நோய்க் குழந்தையையும் காக்கிறாள். இது சமுதாயத்தின் கூட்டுறவுச் செயல். அதற்கு ஆட்டு மந்தையின் பெயர் ஏற்றதன்று.

ஒரு சொல்லைத் தவறாக விளங்கியதால் நேர்ந்த தீங்குக்கும் மலேரியாவே சான்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் டீ.டீ.ரீ. தெளிப்பால் நோய் வெகுவாகத் தாழ்ந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். ‘மலேரியா ஒழிந்தது’ என்ற நம்பிக்கை பரவிற்று, தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. எலகெரப் பகுதியில் இரத்தினக்கல் தேடி மக்கள் தோண்டிய குழிகளில் நீர் தேங்க, நுளம்பு மீண்டது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. கட்டுப்படுத்தல், ஒரு நாட்டிலிருந்து நீக்கல், உலகிலிருந்தே ஒழித்தல் என்பன மூன்று வேறு நிலைகள். 1980இல் உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட பெரியம்மைக்கு மட்டுமே, மனித நோய்களுள், மூன்றாவது சொல் பொருந்தும். நாட்டிலிருந்து நீக்கப்பட்ட நோய் அடுத்த கப்பலில் திரும்பலாம். ஆகவே காவல் நீங்கக்கூடாது. இப்பாடத்தைக் கற்ற பின்னரே, நெடிய போர் வடக்கையும் கிழக்கையும் சிதைத்த ஆண்டுகளிலும் விடாது உழைத்த மலேரியாத் தடுப்பு ஊழியரின் முயற்சியால், 2012 ஒக்டோபருடன் உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாக ஏற்றது. காவல் இன்றும் தொடர வேண்டியுள்ளது.

2020இல் கொவிட் வந்தபோது இச்சொற்கள் யாவும் ஒரே ஆண்டில் வீதிக்கு வந்தன. ‘கொத்தணி’ என்னும் சொல்லை இலங்கைத் தமிழர் ஒவ்வொருவரும் கற்றனர். ஒரே மூலத்திலிருந்து கிளைத்த தொற்றுக்களின் தொகுதி என்பதே அதன் பொருள். ஆயினும் ‘மினுவாங்கொடைக் கொத்தணி’, ‘பேலியகொடைக் கொத்தணி’ என வழங்கியபோது, அது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களையும் மீன் சந்தைத் தொழிலாளரையும் சுட்டும் விரலாயிற்று. நெருக்கமான விடுதி அறைகளில் அவர்களை வாழவைத்த ஊதியத்திற்கு அப்பெயர் சூட்டப்படவில்லை. அதனினும் கொடிது, நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற வாதத்தால் 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்ரவரி வரை இறந்தோரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டமை. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், இஸ்லாமியப் பெற்றோரின் கண்ணீர் செவிசாய்க்கப்படவில்லை. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அறிவியலின் சொற்களை அணிந்துகொண்டு இனத்துவேசம் உலாவ முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இந்நிலையில் நம் கடமை யாது? 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே போதித்தார். ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய நூல்களைத் தமிழாக்கினார். மக்கள் மொழியில் இல்லாத மருத்துவம் மக்களுக்குப் பயன்படாது என்ற தெளிவு அவருக்கிருந்தது. அவருக்குப் பின்னர் கலைச்சொற் குழுக்களும் பாடநூல்களும் நோய்க்காவி, நோயரும்பு காலம், நிர்ப்பீடனம் முதலான சொற்களை நமக்குத் தந்துள்ளன. ஆகவே சொல்லுக்குப் பஞ்சமில்லை. சொல்லின் பின்னுள்ள கேள்விகளை வகுப்பறையில் எழுப்புவதே எஞ்சியுள்ள பணி. ‘தொற்று’ என்று மாணவன் எழுதும்போது, எவ்வழியால் என்றும், அவ்வழியை அமைத்தவர் யார் என்றும் ஆசிரியர் கேட்க வேண்டும். ‘நிலைநோய்’ என்று எழுதும்போது, அது யாருடைய பொறுமையின்மீது நிலைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். ‘ஒழிந்தது’ என்று எழுதும்போது, காவல் நிற்பவர் எவர், அவருக்கு ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நோய்க்குப் பெயரிடும் உரிமையை நிபுணரிடமும் ஆட்சியாளரிடமும் மட்டும் விட்டுவிடுதல் தகாது. கேகாலைக் கிராமங்களில் மாண்டோருக்குத் தம் நோயின் கணிதம் தெரியாதிருக்கலாம். பசித்த வயிற்றில் விழுந்த காய்ச்சல் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். அவ்வறிவும் சமன்பாடும் ஒருங்கு சேரும் மொழியை ஆக்குவது, ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் ஒன்றுபட்டு ஆற்றவேண்டிய பணியாகும்.